நாஷே: பெயர் சொல்லாமல் வைத்திருந்த ஒரு தாய்மொழி

இந்த கேஸ் ஒரு பல்வலியில் தொடங்கியது. 2018 அக்டோபர். நான் டொராண்டோவில் முதியோர் பராமரிப்பில் இருக்கிறேன். வயதானவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு ஆள் ஏற்பாடு செய்வது, டாக்டர், மருந்து, மொழிபெயர்ப்பாளர் என்று எல்லாவற்றையும் கோத்துக் கொடுப்பது, இதுதான் என் வேலை. அந்த அம்மாவுக்கு அப்போது 79 வயது, மறதி நோய் பாதி தூரம் வந்திருந்தது. ஃபைலில் தாய்மொழி என்ற கட்டத்தில் ‘கிரேக்கம்’ என்று எழுதியிருந்தது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, இடது கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: “ஸாம்ப்... ஸாம்ப்...”

கிரேக்க மொழிபெயர்ப்பாளர் வந்தார், நல்ல பெண், பொறுமையாக அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். அம்மாவிடமிருந்து பதில் வருகிறது, ஆனால் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பல்லுக்குக் கிரேக்கத்தில் ‘தோந்தி’. வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார், இது கிரேக்கமே இல்லை என்று. பக்கத்தில் நின்ற மகள் முகம் சிவந்து, “அது ஒன்றுமில்லை, அம்மா ஊர்ப் பேச்சில் ஏதோ உளறுகிறாள்” என்றார். அந்த ஊர்ப் பேச்சுக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். என் வேலையில் தினமும் நாலு பேரிடம் கேட்கிற கேள்விதான். அவருக்கு அப்போது ஐம்பது வயது, அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அதற்குப் பெயர் கிடையாது என்றார்.

அம்மா பிறந்த ஊர் கிரேக்கத்தின் வடமேற்கு மூலையில், கஸ்டோரியா நகருக்குப் பக்கத்தில். வரைபடத்தில் பார்த்தால் அல்பேனிய எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம், கொஞ்சம் வடக்கே போனால் அன்றைக்கு மாசிடோனியா என்ற நாடு. தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையில் முதலில் அல்பேனியம் கேட்டேன், இல்லை என்றார்கள். அப்புறம் மாசிடோனியம். அந்த நாட்டின் தலைநகர் ஸ்கோப்யேயில் பிறந்த ஒருவர் லைனுக்கு வந்தார். ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். பத்து விநாடி ஆகியிருக்குமா? “பல் வலிக்கிறதாம். நாங்கள் ஸாப் என்போம், இந்த அம்மா ஸாம்ப் என்கிறார், ரொம்பப் பழைய உச்சரிப்பு” என்றார் அந்த மனிதர், குரல் லேசாகக் கம்மியிருந்தது. மறுநாளே பல்லைப் பிடுங்கியாயிற்று. ஃபைலில் அந்த ஒரு கட்டத்தைத் திருத்தத்தான் எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

மாசிடோனியா என்றதும் நம்மில் பலருக்கு அலெக்சாண்டர்தான் நினைவுக்கு வருவார். இது வேறு கதை. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் பால்கனில் குடியேறிய ஸ்லாவ் மக்களின் மொழிவழி வந்தது இன்றைய மாசிடோனியம். ஒட்டோமான் ஆட்சி நடந்தவரை, கிரேக்கம், துருக்கி, விளாக், அல்பேனியம், யூதர்களின் லதீனோ இவற்றோடு கலந்து இந்த மொழியும் அங்கே பேசப்பட்டது. 1912–13 பால்கன் போர்கள் முடிந்து புகாரெஸ்ட் ஒப்பந்தத்தில் அந்த நிலத்தைப் பங்கு போட்டபோது பாதியளவு கிரேக்கத்துக்குப் போனது, மற்றதில் பெரும்பகுதி செர்பியாவுக்கும் பல்கேரியாவுக்கும். அந்த அம்மாவின் தாத்தா பாட்டி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று.

அப்புறம் பெயர்கள் போக ஆரம்பித்தன. 1926ல் ஆணை வந்து ஊர்களுக்குக் கிரேக்கப் பெயர்கள் ஏறின. தம்பெனி என்ற கிராமம் தெந்த்ரோஹோரி ஆனது, ஸ்மர்தெஷ் என்பது கிரிஸ்தலோபிகி. கொஸ்தூர் என்று உள்ளூரில் சொல்லிவந்த நகரம் காகிதத்தில் கஸ்டோரியா மட்டும்தான். ‘ஓவ்’, ‘எவ்’ என்று முடிந்த குடும்பப் பெயர்கள் ‘இதிஸ்’, ‘ஓபுலோஸ்’ என்று முடிந்தன. இதற்கு ஒரு வருடம் முன்னால், 1925ல், ஏதென்சில் அரசே ‘அபெசெதார்’ என்று ஒரு பாலபாடம் அச்சிட்டது, இந்த மொழிக் குழந்தைகளுக்காக, லத்தீன் எழுத்தில். செர்பியாவும் எதிர்த்தது, பல்கேரியாவும் எதிர்த்தது, கிரேக்கத்துக்குள்ளேயும் எதிர்ப்பு. எந்தப் பள்ளியிலும் அது பாடமாகவே இல்லை. அந்தப் புத்தகம் மட்டும் வகுப்பறைக்குள் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

1936ல் மெதாக்சாஸின் சர்வாதிகாரம் வந்தபிறகு வெளியிடங்களில் அந்த மொழி பேசுவதே குற்றம். அபராதம் போட்டார்கள், விளக்கெண்ணெய் குடிக்கவைத்தார்கள், கிழவிகளைக்கூட இரவுப் பள்ளிக்கு வரவைத்துக் கிரேக்கம் படிக்கச் சொன்னார்கள். அம்மா பிறந்தது 1939ல், அதாவது தாய் தன் பிள்ளையைத் தாலாட்டும்போதுகூட குரலைத் தாழ்த்த வேண்டிய காலத்தில்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் அவர்களுக்கு விடியவில்லை. 1946 முதல் 1949 வரை கிரேக்க உள்நாட்டுப் போரில் இந்த மலைக் கிராமங்கள்தான் களம். தங்கள் மொழியில் பள்ளிக்கூடம் வரும் என்று நம்பி இடதுசாரிப் படையில் சேர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். 1948 வசந்தத்தில் குழந்தைகளை எல்லை தாண்டி அனுப்பத் தொடங்கினார்கள், இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் குழந்தைகள், கிரேக்கக் குழந்தைகளும் அதில் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சில பெண்கள் துணைக்குப் போனார்கள், அவர்களை ‘மாய்கி’ என்றே அழைத்தார்கள், அம்மாக்கள் என்று அர்த்தம். இந்த அம்மாவின் அண்ணனுக்கு அப்போது பதினோரு வயது, அவனை அனுப்பினார்கள். இவருக்கு ஒன்பது, அன்றைக்குக் காய்ச்சல், அதனால் பாட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு காய்ச்சலில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அண்ணன் ருமேனியாவில் விடுதியில் வளர்ந்து, 1963 பூகம்பத்துக்குப் பிறகு ஸ்கோப்யேயைத் திரும்பக் கட்டிய காலத்தில் அங்கே கொத்தனாராகப் போய்ச் சேர்ந்தார். தங்கை கிரேக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனார், வீட்டுப் பேச்சு வாயில் வந்த நாட்களில் பிரம்படி வாங்கினார். 1959ல் பக்கத்துப் பகுதிக் கிராமங்கள் சிலவற்றில் ஊரையே சதுக்கத்தில் கூட்டிவைத்து, இனி இந்த ஸ்லாவ் பேச்சைப் பேச மாட்டோம் என்று கடவுள் பெயரால் சத்தியம் வாங்கினார்கள். அதைப் பெருமையாகப் பத்திரிகையிலும் போட்டார்கள். அந்த வருடம் அம்மாவுக்கு இருபது வயது.

1966ல் கணவரோடு டொராண்டோ வந்துவிட்டார்.

இங்கே ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. கனடாவுக்கு வந்தபிறகு என்ன பயம்? இங்கே யார் அடிக்கப்போகிறார்கள்? அதுவும் டொராண்டோவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கொஸ்தூர், லெரின் (கிரேக்கத்தில் ஃப்ளோரினா) பக்கத்து ஆட்கள் வந்து இறைச்சிக்கூடங்களிலும் தோல் பதனிடும் இடங்களிலும் வேலை செய்து, பிறகு சின்னச் சின்ன உணவகங்கள் வைத்து நிலைத்த ஊரில்? 1910லேயே கோயில் கட்டிவிட்டார்கள், அப்போது அதற்கு மாசிடோனிய-பல்கேரியக் கோயில் என்று பெயர். 1959ல் ‘ஐக்கிய மாசிடோனியர்கள்’ என்ற அமைப்பு வந்தது. 1964ல் ஓவர்லீ பூலவார்டில் ஓஹ்ரித் புனித கிளெமென்ட் பேராலயம். 1971ல் கனடா அரசே பன்முகப் பண்பாட்டைக் கொள்கையாக அறிவித்தது. அவரவர் மொழியை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்று நாடே சொல்லும்போது இந்த வீடு மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

பதில் உணர்ச்சிகரமானதே இல்லை, அந்தப் பயத்துக்குக் கணக்கு இருந்தது. அவர் கணவரின் தாயார் ஊரிலேயே இருந்தார், கொஞ்சம் நிலமும் இருந்தது. வெளிநாட்டில் தன்னை மாசிடோனியன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பலரை எல்லையிலேயே திருப்பி அனுப்பினார்கள், பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரின் பழைய பெயர் இருந்தாலே போதும், உள்ளே விட மாட்டார்கள். 1982 டிசம்பரில் போர் அகதிகள் திரும்பி வரலாம் என்று கிரேக்க அரசு ஆணை போட்டபோதும் ‘கிரேக்க இனத்தவர்’ மட்டும் வரலாம் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தே போட்டது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1994ல் வெளியிட்ட அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆக, டொராண்டோவில் மாசிடோனியர்களின் ஒரு பிக்னிக்குக்குப் போனால் அங்கே தாயின் சாவுக்குப் போக முடியாமல் ஆகலாம். அந்த நிலையில் எந்த மகனாக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்வான்.

அதனால் பிள்ளைகள் இரண்டு பேரும் கிரேக்கர்களாகவே வளர்ந்தார்கள். சனிக்கிழமை கிரேக்கப் பள்ளி, கிரேக்கக் கோயில், டான்ஃபோர்த் அவென்யூவில் நண்பர்கள். பொய்யான வாழ்க்கை இல்லை அது, அவர்கள் அதை நேசித்தார்கள். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் அப்பாவும் வேறு ஏதோ பேசுவார்கள். கேட்டால் ‘தோப்யா’, அதாவது உள்ளூர்ப் பேச்சு, உனக்கு வேண்டாம். ஸ்கோப்யேயில் 1988ல் அந்த அகதிக் குழந்தைகளின் உலகச் சந்திப்பு நடந்தது, டொராண்டோவிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள், அம்மா போகவில்லை. 1992ல், மாசிடோனியா தனிநாடு ஆன மறுவருடம், தெசலோனிகியில், அந்தப் பெயர் கிரேக்கத்துடையது என்று எதிர்த்துப் பெருங்கூட்டம் கூடியது, வெளிநாட்டுக் கிரேக்கர்களும் ஊர்வலம் போனார்கள். மகளுக்கு அப்போது இருபத்து நாலு வயது, அவரும் கொடி பிடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஆர்வமாகச் சொன்னாராம். அம்மா அடுப்பில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார், பெரிய சிவப்பு மிளகாய், அதன் கருகிய தோலை விரலால் உரித்துக்கொண்டே இருந்தார், திரும்பவே இல்லை. “அன்றைக்கு அம்மா கையைச் சுட்டுக்கொண்டாள், அதை நான் இருபத்தாறு வருடம் கழித்துத்தான் நினைத்துப் பார்க்கிறேன்” என்று மகள் என்னிடம் சொன்னபோது எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சரி, பல்வலிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன்.

மறதி நோயில் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்த நம் தமிழ்ப் பெரியவர்கள் கடைசியில் தமிழுக்கு மட்டும் திரும்பி வருவார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் குறைந்தபட்சம் அது தமிழ் என்றாவது தெரியும். இங்கே அம்மாவுக்கு ஆங்கிலம் போய்விட்டது, கிரேக்கம் போய்க்கொண்டிருக்கிறது, மிச்சம் இருக்கிற மொழியில் வீட்டில் ஒருவருக்கும் ஒரு சொல் தெரியாது. அப்பா இறந்து பத்து வருடம். பராமரிப்புத் திட்டமாக நான் எழுதியது எளிமையானது: மாசிடோனியம் பேசும் உதவியாளர் வாரம் மூன்று நாள், மகளுக்கு அடிப்படைச் சொற்கள் இருபது. தண்ணீர், ரொட்டி, வலி, கழிவறை, குளிர், உட்கார், வா. மகள் அந்த இருபதோடு நிற்கவில்லை, மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

முதல் வாரம் வகுப்பிலிருந்து வந்து சொன்ன விஷயம் இது. பல்லுக்கு ஆசிரியர் பலகையில் ‘ஸாப்’ என்று எழுதினார். எங்கள் வீட்டில் ஸாம்ப் என்று மகள் சொன்னதும் அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாராம். பழைய ஸ்லாவ் மொழியில் மூக்கொலியோடு ஒரு உயிரெழுத்து இருந்தது, போலிஷ் போன்ற ஒன்றிரண்டைத் தவிர மற்ற ஸ்லாவ் மொழிகளில் அது பெரும்பாலும் மழுங்கிப் போனது, மாசிடோனியத்தில் கொஸ்தூர் போன்ற சில பக்கத்துப் பேச்சில் அங்கங்கே அந்த ‘ம்’, ‘ன்’ இன்னும் நிற்கிறது. உளறல் என்று மகள் வெட்கப்பட்ட சொல்லில் ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒலி இருந்திருக்கிறது. அன்று இரவு காரிலேயே உட்கார்ந்து அழுதேன் என்றார்.

இந்த கேஸில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அந்த வீட்டில் மொழி தொலையவில்லை. மாவு பிசையும்போது, மாஸ்நிக் என்ற அந்தச் சுருட்டிய அடையை வட்டத் தட்டில் அடுக்கும்போது, கோபம் வந்தால், கனவில் பயந்தால், அது இருந்துகொண்டேதான் இருந்தது. அதன் பெயரைத்தான் பிடுங்கியிருந்தார்கள். ஊரில் அதை ‘நாஷே’ என்பார்கள், நம்முடையது என்று பொருள், ‘போ நாஷே’ என்றால் நம் பேச்சில். பெயர் சொன்னால் அடி விழும், ‘நம்முடையது’ என்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனால் வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு ‘நம்முடையது’ என்பது போதவில்லை, ஏனென்றால் இங்கே யாராவது, பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ, அது என்ன மொழி என்று கேட்டுவிடுகிறார்கள். கிராமத்தில் கேட்கவே கூடாத கேள்வியை இங்கே ஒரு படிவம் சாதாரணமாகக் கேட்கிறது.

மகள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார். அம்மா சொல்லும் சொல் ஒவ்வொன்றையும் மூன்று பத்தியாக எழுதுவார். வகுப்பில் கற்ற சிரில்லிக் எழுத்தில், அர்த்தம் ஆங்கிலத்தில், நடுவில் கிரேக்க எழுத்தில். நடுப் பத்தி எதற்கு என்றேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான், எப்போதாவது கண்ணில் பட்டால் படிக்கட்டும் என்றார். ஒருநாள் அது நடந்தும் விட்டது. அம்மா நோட்டை மடியில் வைத்து, விரலை வைத்து, ‘வோதா’ என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர். எண்பது வயதில் தன் மொழியின் சொல் ஒன்றை எழுத்தில் முதன்முறையாகப் பார்க்கிறார். இந்த மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதுவது மகளின் கண்டுபிடிப்பு இல்லை. கொனிகோவோ என்ற ஊரின் சுவிசேஷச் சுவடி சுமார் இருநூறு வருடத்துக்கு முந்தியது, அதில் கிரேக்க மூலத்துக்குப் பக்கத்திலேயே உள்ளூர் மாசிடோனியப் பேச்சு கிரேக்க எழுத்தில் இருக்கிறது, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைமையகத்தின் நூலகத்தில் 2003ல்தான் வெளியே வந்தது.

அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் மூன்று கடிதங்கள் இருந்தன. ஸ்கோப்யேயிலிருந்து அண்ணன் எழுதியவை, முதலாவது 1971ல். அண்ணன் வெளியே படித்ததால் சிரில்லிக்தான் தெரியும், தங்கை படித்தது கிரேக்க எழுத்து. இரண்டு பேருக்கும் ஒரே தாய்மொழி, ஒருவர் எழுதியதை மற்றவரால் படிக்க முடியாது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லவும் பயம். ஆக, அம்மா நாற்பத்தேழு வருடம் அந்தக் கடிதங்களைப் படிக்காமலேயே பத்திரமாக வைத்திருந்தார். 2019 பிப்ரவரியில், மகள் வகுப்புக்குப் போய் நாலு மாதம் ஆகியிருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தட்டுத்தடுமாறி முதல் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். ‘த்ராகா செஸ்த்ரோ’ என்று ஆரம்பம், அன்புத் தங்கைக்கு. வேலை, குளிர், பிறந்த குழந்தையின் எடை என்று போய், நடுவில் ஒரு வரி: நம் வீட்டுக் கிணற்றில் இப்போதும் தண்ணீர் இருக்கிறதா? அம்மா உடனே பதில் சொன்னார். “இமா, இமா.” இருக்கு, இருக்கு.

தாய்மாமன் அப்போது உயிரோடு இருந்தார், எண்பத்திரண்டு வயது. மகள் தேடிப் பிடித்து வீடியோவில் பேச வைத்தார். இரண்டு கிழங்களும் அதிகம் பேசவில்லை, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மார்ச் மாதம் ஃபைலைப் புதுப்பிக்கப் போனேன். மொழிக் கட்டத்தில் என்ன போடட்டும் என்றேன். மகள் ‘மாசிடோனியம்’ என்றார், சத்தமாக. மகளின் அண்ணன் எழுந்துவிட்டார். அவர் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முந்தின வருடம் ஜூனில் அந்தப் பெயர்ச் சண்டையை முடிக்கக் கிரேக்கத்தோடு ப்ரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிப்ரவரியில்தான் அந்த நாடு வடக்கு மாசிடோனியா ஆகியிருந்தது, அவருடைய கோயிலில் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். “நான் கிரேக்கன், கிரேக்கத்தில்தான் ஜெபித்தேன், என் பிள்ளைகளுக்கு அதில்தான் பெயர் வைத்தேன், ஒரு பல்வலி வந்து நீ யார் என்று என்னிடம் சொல்லுமா?” என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அந்த மலைக் கிராமங்களில் இந்த மொழியைப் பேசிக்கொண்டே தன்னைக் கிரேக்கர் என்று மனதார நினைப்பவர்கள் இருக்கிறார்கள், பல்கேரியர் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள், ஒரே வீட்டில் அண்ணன் ஒன்று தம்பி ஒன்று என்று இருப்பதும் உண்டு. ரத்தத்தைச் சோதித்து இதைத் தீர்க்க முடியாது. தான் யார் என்று சொல்லும் உரிமை அந்த ஆளுக்குத்தான், தங்கைக்கு எவ்வளவோ அதே அளவு அண்ணனுக்கும். எனக்கு வருத்தம் வேறு இடத்தில்: இந்த இரண்டு பேரும் முழு விவரமும் தெரிந்து தேர்ந்தெடுக்கும்படி யாரும் விடவில்லை. ஃப்ளோரினாவில் ‘மாசிடோனியப் பண்பாட்டு இல்லம்’ என்று ஒரு சங்கம் பதிவு செய்யக்கூட கிரேக்க நீதிமன்றங்கள் மறுத்து, 1998ல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பு சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் வருடக்கணக்கில் பதிவு கிடைக்கவில்லை.

நான் அம்மாவிடமே கேட்டேன், மகள் வழியாக. நீங்கள் பேசுவது என்ன மொழி? அவர் என்னைப் பார்த்து, இது என்ன கேள்வி என்பதுபோல, “நாஷே” என்றார். கட்டத்தில் மாசிடோனியம் என்று எழுதி, அடியில் குறிப்பாக, இவர் இதை நாஷே என்கிறார் என்றும் எழுதினேன். கிரேக்கம் என்பதை அடிக்கவில்லை, இரண்டாம் மொழி என்ற கட்டத்துக்கு நகர்த்தினேன். அண்ணன் அன்று கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்.

அம்மா 2021 வரை இருந்தார். கடைசி வருடத்தில் கிரேக்கம் சுத்தமாகப் போய்விட்டது, மகன் வந்து கிரேக்கத்தில் பேசினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் நான் போனபோது மகள் வீட்டில் இல்லை, மகன்தான் சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். ஸ்பூனை வாய்க்கிட்டே கொண்டுபோய், இன்னொரு கையால் அந்த நோட்டின் நடுப் பத்தியைத் தேடி, கிரேக்க எழுத்தில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்: “யாதி, மாய்கோ.” சாப்பிடு, அம்மா. அம்மா வாயைத் திறந்தார். என்னைக் கண்டதும் மகன், “இது வெறும் ஊர்ப் பேச்சுதான்” என்றார். நான் தலையாட்டினேன். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன், அந்தப் பக்கத்தை அவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.